சேற்றுப் பாதையில் நின்ற ஜீப்

சிவசுப்பிரமணியனை நல்ல பாம்பு கடித்தபோது பகல் பதினொன்றேகால். மழைக்கு முறிந்து விழுந்த முந்திரிக் கிளைகளை வாரிக் குவித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை உதறினார். புறங்கையில் இரண்டு பொட்டு ரத்தம். படம் எடுத்து நின்றதை அவருடைய மனைவி ஜெயசித்ராவும் பார்த்தாள்.

காட்டு மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். ஓடிப்போய் ஆம்புலன்சுக்குப் பேசினாள். “மழை பேஞ்ச மண்பாதையில எங்க வண்டி எறங்காதுங்க. மெயின் ரோட்டு முக்குக்குக் கொண்டாந்துடுங்க, அங்க வந்து நிக்கிறோம்” என்றார்கள். முக்குக்கு ஏழு கிலோமீட்டர். அந்தச் சேற்றில் போகக்கூடியது அவர்களுடைய பழைய ஜீப் ஒன்றுதான். முந்திரி மூட்டை ஏற்றி அவளும் அதை ஓட்டிப் பழகியிருந்தாள். கணவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, கை அசையாமல் துண்டால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள்.

நான்கு சக்கரமும் இழுக்க, முதல் கியரிலேயே ஜீப் உறுமிக்கொண்டு போனது. நான்காவது கிலோமீட்டரில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. கருகல் வாடை வந்தது. வண்டியின் இழுவை குறைந்தது.

“நிறுத்து சித்ரா. இப்புடியே போனா இன்ஜின் ஜாமாயிரும், அப்பறம் நகராது.”

“இன்னும் மூணு கிலோமீட்டர்தாங்க.”

“நிறுத்துங்கறேன்ல. நாலு நாளாவே முள்ளு ஏறித்தான் நிக்குது. ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

நிறுத்தினாள். அங்கே போனில் ஒரு கோடுகூட இல்லை. பானெட்டைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது.

“பெல்ட்ட அமுக்கிப் பாரு, தொளதொளன்னு இருக்கா?”

“இல்லிங்க, இறுக்கமாத்தான் இருக்கு.”

“டப்பால தண்ணி?”

“இருக்கு.”

ரேடியேட்டர் முகப்பில் அப்பியிருந்த சேற்றைக் கையால் வழித்துப் போட்டாள். அப்போது அவரைத் திரும்பிப் பார்த்தாள். இமைகள் பாதி இறங்கியிருந்தன. தூக்கிப் பார்க்க அவர் முயல்வதும், அவை ஏறாததும் தெரிந்தது.

“மேல்... மேல்குழாயத் தொடு.”

தொட்டாள். “இன்ஜின் இப்புடிக் கொதிக்குது, இது வெதுவெதுன்னுதாங்க இருக்கு.”

“அப்ப தண்ணி ரேடியேட்டருக்குப் போவல. தண்ணியத் தெறந்து விடற தெர்மோஸ்டாட் மூடிக்கிச்சு. குழாய் வந்து சேர்ற எடத்துல மூடி இருக்கும், ரெண்டு போல்ட்டு. கழட்டி, உள்ள இருக்கறத எடுத்து எறி.” நாக்கு தடித்துப்போய், வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

கொதிப்பு அடங்கப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார். அந்தப் பத்து நிமிடமும் அவள் அவருடைய வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சாக்கைப் போர்த்தி ஸ்பேனரைத் திருப்பினாள். இரண்டாவது போல்ட் இளகியதும் வெந்நீர் பீறிட்டு, கை முழங்கை வரை வெந்தது. ஸ்பேனரை விடவில்லை. உள்ளே துருவேறி இறுகிக் கிடந்த வட்டத் தகட்டை நெம்பி எடுத்து வீசினாள். மூடிக்கடியில் இருந்த பழைய பேக்கிங்கையே வைத்து மூடி முறுக்கினாள். பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீரை முந்தானையில் வடிகட்டிப் பாட்டிலில் பிடித்துவந்தாள்.

“வண்டிய ஓடவிட்டு... ரேடியேட்டர்ல மெதுவா ஊத்து” என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் அவளுக்குப் புரியவில்லை.

மெதுவாகத்தான் ஊற்றினாள். அவசரப்பட்டால் இன்ஜினில் விரிசல் விட்டுவிடும் என்று தெரியும். மேல்குழாயில் சூடு ஏறியது, முள் இறங்கியது. மீதி மூன்று கிலோமீட்டரில் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் தொங்கிய அவருடைய தலையையும் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். முக்கில் ஆம்புலன்சுக்கு மாற்றியபோது மூச்சு விட்டுவிட்டு வந்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் சாயங்காலம் நான்கு மணிக்கு நின்றுபோனது.

காரியம் முடிந்த மறுநாள் அவருடைய அண்ணன் ராசாங்கம் கேட்டேவிட்டார். “முக்கா மணி நேரம் நின்னு நட்டு போல்ட்டு கழட்டிக்கிட்டு இருந்தியாம்ல. எரிஞ்சா எரியட்டும்னு ஓட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?”

“அவருதான் மாமா நிறுத்தச் சொன்னாரு.”

“அவன் ஆயிரம் சொல்லுவான். உசுரு போறப்ப வண்டியா பெருசு?”

வெந்த கையில் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தக் கையோடே ஜீப்பை ஜெயங்கொண்டத்துக்கு ஓட்டிப்போனாள். மெக்கானிக் மணிவண்ணன் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும்வரை பட்டறை வாசலிலேயே நின்றாள்.

“நிறுத்தாமப் போயிருந்தா அந்த மூணு கிலோமீட்டர் ஓடியிருக்குமாண்ணே?”

மணிவண்ணன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். பொய் சொல்லிவிடலாமா என்று அவர் யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது.

“தெரியலம்மா” என்றார். “போயிருந்தாலும் போயிருக்கும். பாதியில நின்னிருந்தாலும் நின்னிருக்கும்.”

தலையாட்டிவிட்டு, வண்டி எப்போது தயாராகும் என்றும் கேட்காமல், சாவியை வாங்காமலே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.