செத்தவீட்டில் சொல்லச் சொன்னது

யோகமலர் தான் கொண்டுவந்த போத்தலில் இருந்து உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு குனிந்துவிட்டாள். இன்னும் நாலு விரற்கடை குனிந்திருந்தால் அது தம்பியின் பாதத்தில் பட்டிருக்கும். அதற்குள் அருந்ததி எட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் எண்ணெய் சிந்தி, பெட்டிக்குள் விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஊறியது. சுற்றி நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. கலியாணம் முடித்து வந்த இருபத்தெட்டு வருசத்தில் அருந்ததி தன் மூத்த மச்சாளுக்கு ஒரு எதிர்ச்சொல் சொன்னதில்லை. கையைப் பிடித்துத் தடுப்பது கனவிலும் நடவாத காரியம்.

“அது வேண்டாம் மச்சாள். நல்லெண்ணெய் கிடக்கு. அதை வையுங்கோ.”

“அவன்ர கால் பட்ட பாட்டுக்கு அவன்ர எண்ணெய்தானே கேட்டது. போற நேரத்திலயாவது உளையாமல் போகட்டும்” என்றாள் யோகமலர்.

அருந்ததி நல்லெண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். குருக்கள் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். யோகமலர் முறைத்துக்கொண்டே கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, நல்லெண்ணெயையும் அரப்பையும் தம்பியின் தலையில் தொட்டு வைத்தாள். தலைப்பில் துடைக்காதேங்கோ என்று சொல்ல அருந்ததிக்கு வாய் உன்னியது. ஆனால் சொல்லவில்லை.

சொல்லத் தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்வதாக வாக்கும் கொடுத்திருந்தாள். அதுவும் இன்றைக்கே சொல்வதாக.

அவள் புருசன் சிவானந்தன் பத்தொன்பது வருசம் கொட்டாஞ்சேனைக்கு அப்பால், களனி ஆற்றுப் பக்கமாக இருந்த ஒரு பழைய இரும்பு யார்டில் வேலை செய்தவன். தொழிற்சாலைகளும் தோட்டங்களும் கழித்துவிட்ட டிரான்ஸ்போமர்கள் லொறியில் வந்து இறங்கும். மூடியைக் கழற்றி, எண்ணெயை வடித்து, உள்ளே இருக்கிற செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக உரித்தெடுப்பது அவன் வேலை. செம்பு ஒரு பக்கம் போகும், இரும்பு ஒரு பக்கம் போகும். எண்ணெயை வெல்டிங் கடைக்காரர்கள் மெஷினைக் குளிர்விக்க வாங்கிப் போவார்கள். பார்க்கத் தேன் மாதிரி இருக்கும் அந்த எண்ணெய். எந்த மகராசன் முதலில் அதை முழங்காலில் பூசிப் பார்த்தானோ, யார்டில் எல்லாரும் பூசினார்கள். பகல் முழுக்கக் குந்தியிருந்து கம்பி உரிக்கிறவனுக்கு நாரி நோவும் முழங்கால் உளைவும் சொந்தக்காரர் மாதிரி, விட்டுப் போகாது. எண்ணெய் போட்டுத் தேய்த்தால் சுகமாகத்தான் இருந்திருக்கும். எந்த எண்ணெயைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தச் சுகம் வந்திருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிவானந்தனோ பூசியதோடு நின்றானில்லை. கற்பூரம் போட்டுக் காய்ச்சி, கால் போத்தல்களில் அடைத்து, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தான். கரண்ட் ஓடின எண்ணெய், அந்தச் சூட்டையே தாங்கினது, உங்கட வாதம் அதுக்கு என்ன பெரிசோ என்பான். ஒரு சதம் வாங்க மாட்டான். வேறு எதிலும் பேர் எடுக்காத மனுசன். படிப்பில்லை, வீடில்லை, நாலு பேர் முன்னால் நின்று கதைக்கத் தெரியாது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு அனெக்ஸில் வாடகைக்கு இருந்தே காலத்தைக் கழித்துவிட்டான். ஆனால் சிவா அண்ணையின் எண்ணெய் என்றால் கொட்டாஞ்சேனையில் ஒரு தெருவுக்கும் வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்கும் தெரியும். அந்த எண்ணெயை அவன் காலில் இரவிரவாகத் தேய்த்துவிட்ட கைகள் அருந்ததியுடையவை.

போன வருசம் யார்டுக்கு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருந்து இரண்டு பெண் பிள்ளைகள் வந்து, பழைய டிரான்ஸ்போமர்களில் இருந்து சின்னச் சின்னக் குப்பிகளில் எண்ணெய் எடுத்துப் போனார்கள். சில மாதம் கழித்துத் திரும்பி வந்து, ஒரு வரிசைக்குச் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். அந்தக் காலத்து எண்ணெயில் ஒரு நஞ்சு கலந்திருக்கிறதாம். அது அழியாதாம். மண்ணில் ஊற்றினால் மண்ணில் கிடக்குமாம், உடம்பில் சேர்ந்தால் உடம்பில் கிடக்குமாம். சாதாரண நெருப்பில் எரித்தால் இன்னும் மோசமாம். கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பி, அதற்கென்றே கட்டிய உலையில்தான் எரிக்க வேண்டுமாம். சிவானந்தன் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான். ஏன் என்று அருந்ததி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான். அதற்குப் பிறகு அவன் எண்ணெய் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

சித்திரையில் கண் மஞ்சளாயிற்று. ஈரலில் கட்டி என்றார்கள். அந்த எண்ணெயாலோ என்று அருந்ததிக்கு அப்போது கேட்கத் தெரியாது. தெரிந்து கேட்ட பிறகும், பல காரணம் இருக்கலாம் அம்மா, ஒன்றைப் பிடித்துச் சொல்ல முடியாது என்றுதான் டொக்டர் சொன்னார்.

கண் மூடுவதற்கு நாலு நாள் முன்னம், வார்டில் பக்கத்துக் கட்டில்காரன் நித்திரையான பிறகு சிவானந்தன் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னான். ஒளித்து வைத்திருந்து சொல்கிறவனுக்குள்ள அவசரத்தோடு சொன்னான். கொடுத்தவர்களின் பேர்களைச் சொன்னான். முப்பதுக்கு மேல் வந்தது.

“எனக்குச் சொல்லத் துணிவு வரேல்ல. நீர் சொல்லிப்போடும்.”

“எப்பிடி நான் வீடு வீடாப் போறது?”

“போக வேண்டாம். என்ர செத்தவீட்டில சொல்லும். எல்லாரும் ஒண்டா வருவினம். பிறகு ஒருத்தரையும் பிடிக்கேலாது.”

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கொடுக்கிற புண்ணியம் உங்களுக்கு, பறிக்கிற பழி எனக்கோ என்று கேட்க நினைத்தாள். ஆனால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓம் என்றுதான் சொன்னாள். சாகிறவனிடம் வேறு எதைச் சொல்வது.

அவன் கணக்குப் பிழைக்கவில்லை. காலையில் இருந்து ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து இருந்து அந்த எண்ணெயைப் பற்றித்தான் கதைத்தார்கள். ஒருத்தி தன் மாமியார் மூன்று வருசம் படுக்கையாகக் கிடந்து, சிவா அண்ணையின் எண்ணெயால் எழும்பி நடந்தாள் என்றாள். இன்னொருத்தி கனடாவுக்கே ஒரு போத்தல் அனுப்பியிருந்தாளாம். ஒழுங்கை முனையில் இருக்கிற தியாகராசா மாஸ்டர், எழுபத்தைந்து வயதுக்காரர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் குனிந்து, கேட்கிற நேரம் இதில்லைத்தான் பிள்ளை, வீட்டில் ஏதும் மிச்சம் கிடக்கோ என்று கேட்டார். அருந்ததி அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முடிஞ்சுது மாஸ்டர் என்று மட்டும் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டு, என்ன மாதிரி ஒரு மனுசன் என்று சொல்லிக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தார்.

தன்னால் முடியாது என்று தெரிந்ததும் அவள் மகன் தேனுஜனைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். இருபத்தைந்து வயது, வங்கியில் வேலை. மொட்டை அடித்த தலையோடு, ஈர வேட்டியோடு நின்று முழுவதையும் கேட்டான். நடுவில் ஒரு தரம் தன் முழங்காலைக் குனிந்து பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடிவிட்டு வந்தால் தகப்பன் அவனுக்கும் பூசிவிடுவதுண்டு.

“இண்டைக்கு வேண்டாம் அம்மா.”

“வாக்குக் குடுத்திட்டன்.”

“அப்பாவைப் பற்றி ஆக்கள் சொல்ற ஒரே ஒரு நல்ல கதை அதுதான். அதையும் இண்டைக்கே பறிக்கப் போறீங்களோ?”

எட்டாம் நாள் எட்டுச் செலவு கழித்துச் சொல்வோம் என்றான். எட்டுக்கு வீட்டு ஆட்கள்தானே வருவார்கள் என்றாள் அவள். அவன் கொள்ளிச் சட்டியைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டான். பிள்ளையைக் குறை சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது உண்மை.

வாய்க்கரிசி போட்டாயிற்று. மூன்று மணிக்குப் பெட்டியை மூடினார்கள். மூடுமுன் அவள் கடைசியாகப் பார்த்தது அவன் முகத்தை அல்ல, காலடியில் துணியில் ஊறிக் கிடந்த மஞ்சள் கறையை. சாதாரண நெருப்பில் எரிக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைகள் சொன்னதாக அவனே சொல்லியிருந்தான். இப்போது அந்தத் துணியும் பத்தொன்பது வருசம் அதில் ஊறிய அவன் உடம்பும் பொரளைக் கனத்தைச் சுடலைக்குப் போகின்றன. இதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால்தான் யார் பெட்டியைத் திருப்புவார்கள்.

ஆண்கள் வாகனத்தின் பின்னால் போய்விட்டார்கள். பெண்கள் வீட்டில் நின்றார்கள். யாரோ நிலத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினாள். கழுவி முடிந்தால் ஒவ்வொருவராகக் கைப்பையைத் தேடுவார்கள். அருந்ததி எழும்பிக் கூடத்தின் நடுவில், பெட்டி இருந்த இடத்தில், ஈரத்தில் நின்றாள்.

“எல்லாரும் ஒருக்கால் கேளுங்கோ. இவர் சொல்லச் சொன்னவர். அந்த எண்ணெயில நஞ்சு கிடக்காம். இனி ஒருத்தரும் பூசக் கூடாது.”

மற்றதையும் சொன்னாள், தெரிந்த அளவில். சொல்லச் சொல்ல ஒழுங்கு பிழைத்தது. சிவப்புத் தாளைச் சொல்ல மறந்து, கப்பலைச் சொல்லி, பிறகு திரும்பிச் சிவப்புத் தாளுக்கு வந்தாள். அவளுக்கே அது பித்துப் பிடித்தவளின் கதை மாதிரிக் கேட்டது.

தும்புத்தடியோடு நிலம் கழுவிக்கொண்டு நின்றவள் நிமிர்ந்தாள். யோகமலர்தான் முதலில் வாய் திறந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

“அவன் இன்னும் எரிஞ்சு முடியேல்ல, அருந்ததி.”

 இரண்டு பேர் வந்து அவளைத் தோளில் பிடித்து இருத்தினார்கள். மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, பாவம் என்றார்கள். கனடாவுக்குப் போத்தல் அனுப்பியவள் சீனி கூடப் போட்ட பிளேன் டீயை அவள் கையில் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் கதை, வாகனம் கனத்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்குமோ என்பதற்குத் திரும்பியது. சொல்லியாயிற்று, ஆனால் ஒரு காதிலும் ஏறவில்லை. அருந்ததி டீயைக் குடித்தாள்.

எல்லாரும் போகிற நேரம் ரிஸ்லா மட்டும் போகாமல் வந்து அவள் காலடியில் இருந்தாள். கொட்டாஞ்சேனையில் யார்டுக்குப் பக்கத்தில் சின்னத் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவள். அந்த இரண்டு பிள்ளைகள் குப்பியோடு வந்து நின்றதையும், சிவப்புத் தாள் ஒட்டினதையும் கடை வாசலில் இருந்து கண்ணால் கண்டவள். சிவா நானாவிடம் அது என்னத்துக்கு என்று கேட்டபோது, அது பழைய சாமானுக்கு ஒட்டுற நம்பர் என்று சொன்னாராம். வந்திருந்த அத்தனை பேரில் அருந்ததி சொன்னதை நம்பியவள் இவள் ஒருத்திதான்.

“நான் புள்ளக்கிப் பூசின அக்கா. சின்னவளுக்கு. சளி வார நேரமெல்லாம் நெஞ்சில தேச்சி உட்ட. ரெண்டு வருஷமா.”

சின்னவளுக்கு நாலு வயது. அருந்ததிக்குத் தெரியும், கடையில் மேசைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருப்பாள்.

“இப்ப எனத்த செய்ற?”

இதே கேள்வியைத்தான் சிவானந்தனும் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டிருந்தான். கையில் பட்டால் என்ன செய்வது என்று, கையில் மட்டும்தான் பட்டது மாதிரிக் கேட்டிருந்தான். சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவச் சொன்னார்களாம். அருந்ததியிடம் இருந்த மறுமொழியும் அது ஒன்றுதான். அதைச் சொன்னாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

ரிஸ்லா அதைக் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள். வீட்டில் அரைப் போத்தல் இருக்கிறது, அதைக் கழிவுத் தண்ணி ஓடுற கானில் ஊற்றிவிடவா என்று கேட்டாள். ஊற்றக் கூடாது. மண்ணில்? அதுவும் கூடாது. எரிக்கிறதும் கூடாதென்றால் பிறகு எங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்கிறது என்றாள். அருந்ததிக்குத் தெரியவில்லை. யார்டு மாதிரி இடங்களுக்கு ஆட்கள் வந்து எடுப்பார்கள், வீடுகளில் கிடக்கிற கால் போத்தலுக்கு யார் வருவார்கள்? நல்லா மூடி, பிள்ளைக்கு எட்டாமல் வைத்திரு என்றாள். எவ்வளவு நாளைக்கு என்று ரிஸ்லா கேட்கவில்லை.

ரிஸ்லா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழும்பி வாசலுக்குப் போனாள். செருப்பைப் போடாமல், கதவு நிலையில் சாய்ந்து நின்று வீட்டுக்குப் போனில் கோல் எடுத்தாள். மூத்த மகள்தான் எடுத்திருக்க வேண்டும். தங்கச்சியைக் குளிப்பாட்டச் சொன்னாள். இப்பவே, சவுக்காரம் போட்டு, நெஞ்சில நல்லாத் தேச்சி என்றாள். ஸ்பீக்கரைப் போட்டதும் அந்தப் பக்கம் பைப் திறக்கிற சத்தம் இருந்த இடத்திலேயே அருந்ததிக்குக் கேட்டது. சின்னவள் தண்ணீரில் சிரிக்கிற சத்தமும் கேட்டது. ரிஸ்லா போனைத் திரும்பக் காதோடு அழுத்திக்கொண்டு காத்து நின்றாள். மூத்தவள் முடிஞ்சுது என்று சொல்லியிருப்பாள்.

“இன்னொருக்காப் போடு” என்றாள் ரிஸ்லா.