கையேடு மட்டும்தான் பேசலாம்

இரண்டு பள்ளிகளில் பாடம் மண்ணைக் கவ்வியது. ஒளிரும் ஜெல்லிமீனின் மரபணுவைத் தீங்கில்லாத பாக்டீரியாவுக்குள் புகுத்தினால், மறுநாள் தட்டில் பச்சைப் புள்ளிகள் முளைக்க வேண்டும். ஒன்றுகூட முளைக்கவில்லை. பிள்ளைகள் வெறும் தட்டுகளை வைத்துக்கொண்டு விழித்தபோது, பாடத்தை எழுதியவளுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

பாடத்திட்டக் குழுத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

"உயிரணுவுக்குள்ள கை வைக்கிறதெல்லாம் காலேஜ்ல பாத்துக்கலாம்மா. பசங்க தலையில ஏன் கட்டுறீங்க? இன்னும் ஒரே ஒரு தடவை. தேறலைன்னா பாடத்தையே தூக்கிடுவோம்."

பன்னிரண்டு வருட ஆய்வகவேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். பதினாலு வயதில் இதைச் செய்ய முடியும் என்று ஊரெல்லாம் சண்டை போட்டவள். சோதனை வகுப்பின் விதியையும் அவளேதான் போட்டாள்: ஆபத்து வந்தால் ஒழிய ஆசிரியரும் பேசக் கூடாது, எழுதியவளும் பேசக் கூடாது, கையேடு மட்டும்தான் பேசலாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்!

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கையேட்டைப் படித்தாள். பிழையே இல்லை. அவள் செய்தால் ஒவ்வொரு முறையும் தட்டு பச்சையாகிறது.

"அப்போ பசங்கதான் சொதப்பறாங்க" என்றான் கணவன். பிள்ளைகள் மேல் பழி போடுவதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா? அவள் முறைத்த முறைப்பில் அவன் செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை, தைத்த துணிகளைக் கொடுக்க அவனுடைய அக்கா வந்தாள். தையல்கடை வைத்திருப்பவள். அவளைப் பிடித்துச் சமையலறை மேசை முன் உட்கார வைத்தாள் இவள்.

"அண்ணி, இதுல இருக்கிறதை அப்படியே செய்யுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

"நான் சயின்ஸ்ல முட்டை வாங்கினவ, தெரியும்ல?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

நாத்தனார் கையேட்டை எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தாள். பாக்டீரியாவை அள்ளும் கம்பியை, கிருமி சாக, விளக்கில் காட்டினாள். கம்பி சிவந்தது. சிவந்த கம்பியை அப்படியே பாக்டீரியாவில் வைத்தாள். சுர்ர்ர் என்றது.

"ஐயையோ அண்ணி! ஆற வைக்காம வெச்சா வெந்து செத்துடாதா?"

"ஆற வைக்கணும்னு இதுல எங்கடி எழுதியிருக்கே?"

கையேட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். இல்லை. நாற்பது முறை படித்தும் கண்ணில் படவில்லை, ஏனென்றால் இத்தனை வருடமாக அவள் கை தானாகவே காத்திருந்தது. ஆய்வகத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மூச்சு விடு என்று எவராவது எழுதி வைப்பார்களா?

"நல்லா இருக்குடி! பட்டுப் புடவையில கொதிக்கக் கொதிக்க இஸ்திரிப் பெட்டியை வெச்சுட்டு, புடவை மட்டம்னு சொல்லுவியா?" நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். இவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அன்றே புது வரியை எழுதினாள்: 'கம்பி சிவந்ததும் வெளியே எடு. நிதானமாக இருபது எண்ணு. நீ தொடப்போவது உயிருள்ள ஒன்று.'

மூன்றாவது பள்ளியில் பன்னிரண்டு மேசைகள். பன்னிரண்டு மேசையிலும் பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். கடைசி பெஞ்சில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டார்கள். வகுப்பே "ஹோ"வென்று கத்தியது. தட்டுத் தட்டாகப் பச்சை! பன்னிரண்டில் பதினொன்று ஒளிர்ந்தன. பன்னிரண்டாவதில் யாரோ மரபணுக் கரைசலை ஊற்ற மறந்திருந்தார்கள், போகட்டும். தலைவர் குனிந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவளிடம் வந்ததும் தொண்டையைக் கனைத்தார்.

"பாடம் இருக்கும்மா. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."

ஜெயித்துவிட்டோம் என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்போது முன்வரிசைப் பெண் ஒருத்தி தட்டை ஏந்திக்கொண்டு அவளிடம் ஓடி வந்தாள். இரண்டு நாளாக வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் இந்த அம்மாளைப் பார்த்து அந்தப் பிள்ளைக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"ஆன்ட்டி, உங்களுக்கு ஒண்ணும் புரியலையா? பயப்படாதீங்க, ரொம்ப ஈசி. நான் சொல்லித் தரேன்."

"சொல்லு கண்ணு" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள் அவள்.