ஒரு வீடு இடப்பக்கம்

தெருவில் எட்டு வீடுகள். தினமும் காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒரு வீடு இடப்பக்கம் நகர வேண்டும். இடக்கோடி வீட்டில் இருப்பவர் தெருவை விட்டுப் போய்விடுவார். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வலக்கோடியில் காலியாக ஒரு வீடு வந்து நிற்கும்.

அந்த ஆணையைத் தட்டச்சு செய்வது மாதங்கியின் வேலை. சி என்ற கணினி மொழியில் ஒரே வரி. பதின்மூன்று வருடங்களாகத் தட்டுகிறாள். போனவர்களைப் பற்றி நினைக்காமலிருக்கப் பழகியிருந்தாள்.

இன்று இடக்கோடி வீட்டுக்கு அவளுடைய அக்கா செண்பகம் வந்து சேர்ந்தாள்.

மாதங்கி மேலாளர் தேவசகாயத்தின் முன் போய் நின்றாள்.

"சார், நாளைக்கு எங்க அக்காவைச் சுத்தி வலக்கோடிக்குக் கொண்டு வந்துடலாமா?"

"நகர்த்தறதுக்குக் குறி இருக்கும்மா. சுத்தறதுக்கு சி-யில குறி கிடையாது."

"நானே எழுதிக்கிறேன் சார்."

"எழுதிக்குங்க. ஒரே வரிக்குள்ள வரணும். ரெண்டாவது வரிக்கு அனுமதி வாங்கல."

இடக்கோடி வீட்டில் அக்கா புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வர்ற?"

"நாளைக்கு நீ போகணும்க்கா."

"எல்லாரும் போறதுதானே. நான் என்ன மகாராணியா?"

"ஒரு வரி எழுதி உன்னைத் திருப்பிக் கொண்டுவந்துடறேன்."

"நீ எழுதற லட்சணம் எனக்குத் தெரியாதா. பாத்து எழுது."

மாதங்கி எழுதினாள். முதல் பாதி எல்லோரையும் ஒரு வீடு இடப்பக்கம் நகர்த்தும். மறுபாதி தெருவின் பிரதி ஒன்றை எடுத்து ஏழு வீடு வலப்பக்கம் தள்ளும். அதில் அக்கா மட்டும் வலக்கோடியில் மிஞ்சுவாள். இரண்டையும் சேர்த்தால் அக்கா தெருவிலேயே இருப்பாள்.

தெருவை 'அன்சைன்டு' என்று அறிவிக்க மறந்துவிட்டாள். அந்தச் சொல் இல்லாவிட்டால், வலப்பக்கம் தள்ளும்போது காலியாகும் இடமெல்லாம் இடக்கோடியில் இருப்பவரே நிரம்புவார். முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லித்தரும் விஷயம். அவளே பலருக்குச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எட்டுக் கதவுகளும் திறந்தன. எட்டு வாசலிலும் அக்கா நின்றாள்.

ஏற்கெனவே ஆள் இருந்த வீடுகளிலும் சிக்கல் எழவில்லை. அந்த மொழியில் இப்படி ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தால் ஒன்றுதான். நான்காம் வீட்டு அக்கா மட்டும், அன்று அந்த வீட்டுக்கு நகர்ந்து வந்திருக்க வேண்டிய ஞானமுத்து வாத்தியாரின் மூக்குக்கண்ணாடியை அணிந்திருந்தாள். அவருக்கு அதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

தேவசகாயம் தொலைபேசியில் அழைத்தார்.

"ஒருத்தங்கதான் இருக்கலாம். வரியில ஒரு மாஸ்க் போடுங்க, ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்த ஏழையும் அழிச்சிடும்."

"எந்த ஒருத்தங்க சார்?"

"நீங்கதானேம்மா தங்கச்சி. நீங்களே சொல்லுங்க."

மாதங்கி வீடு வீடாகப் போனாள்.

"அவளுங்க இருக்கட்டும்டி. நான் போறேன்," என்றாள் முதல் வீட்டு அக்கா.

இரண்டாம் வீட்டு அக்காவும் அதையே சொன்னாள். மூன்றாம் வீட்டிலும் அதுதான். ஆறாம் வீட்டு அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த நாலாம் வீட்டுக்காரி பாவம்டி, கண்ணு தெரியல போல. அவளை மட்டும் அனுப்பிடாத. நான் போறேன்."

இரண்டு பெண்களில் ஒருத்தியைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்று அப்பா சொன்ன அன்றும் அக்கா இதே தொனியில்தான் பேசினாள். "அவ போகட்டும்." சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று மாதங்கிக்கு இத்தனை வருடமும் தெரியவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பினாள்.

"முடிவு பண்ணிட்டீங்களா?"

"எட்டுப் பேரும் எங்க அக்காதான் சார்."

"அப்ப பிழையத் திருத்தலையா?"

"பாத்துட்டிருக்கேன்னு எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டார். "எத்தனை நாளாகும்?"

"சொல்ல முடியாது சார். சிக்கலான பிழை."

மறுநாள் பத்து மணிக்கு அதே வரியை ஓரெழுத்துகூட மாற்றாமல் தட்டினாள். எட்டு அக்காக்களும் ஒரு வீடு நகர்ந்தார்கள். இடக்கோடி அக்கா தெருமுனையைத் தாண்டினாள். வலக்கோடிக் கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். தெருவில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

மத்தியானம் மாதங்கி எட்டு வீட்டிலும் சாப்பிட வேண்டியிருந்தது. ஐந்தாம் வீட்டில், போதும் என்று சொல்லச் சொல்ல அக்கா இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள்.

"வேலை வேலைன்னு அலையற. ஒரு இடத்துலயாவது வயிறாரச் சாப்பிடறியா நீ?"

மாதங்கி தட்டை நீட்டினாள்.