பின்னறையில் மூன்று மணி நேரம்

வெளியே ஒரு மணி நேரம் ஆவதற்குள் பல்செட் செய்பவரின் பின்னறையில் மூன்று மணி நேரம் கழிந்துவிடும். அந்தக் கட்டடத்தில் இது எல்லோருக்கும் தெரியும். வாழைக்காயைக் காலையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுநாள் பழமாக எடுத்துப் போவார்கள். கைபேசியோடு உள்ளே போனால் மட்டும் அறை மற்ற அறைகளைப் போலவே ஓடும். அதனால் செருப்பு அலமாரியின் மேல்தட்டைக் கைபேசிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

ஆரம்பம் ஒரு கைத்தவறு. பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியபின் அதன்மேல் மெழுகில் பல்வரிசை கட்டுவது அவர் தொழில். ஒருநாள் கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டே வேலை செய்தவர், அதை அச்சுகளுக்கு நடுவில் வைத்துவிட்டு அதன்மேலும் சேர்த்து ஊற்றிவிட்டார். எட்டு நிமிடத்தில் கைபேசி கல்லாகிவிட்டது. உடைக்கச் சுத்தியலைத் தேடினார். தேடும்போதுதான் அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது காதில் விழுந்தது. சுத்தியல் கிடைத்தபிறகும் உடைக்கவில்லை; அந்தக் கட்டியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். அன்று மதியம் மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோது அவருக்கு மூன்றாம் முறையாகப் பசித்திருந்தது.

அதன்பின் கட்டிலையும் உள்ளேயே போட்டுக்கொண்டார். ஒரு பல்லின் நிறத்துக்காக ஒரு முழு மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க முடிந்தது. இறந்துபோன தன் அப்பாவோடு போட்ட சண்டையை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாக யோசித்துப் பார்த்து, தப்பு தன்மேல்தான் என்று கண்டுபிடித்து, அழுது முடித்தார். அதற்கும் நேரம் இருந்தது. மனைவிக்குப் பயணச்சீட்டு அலுவலகத்தில் வேலை; கைபேசி கையை விட்டு இறங்காது. மூன்றாம் வருடம் வெளியூரில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது சிரித்ததும் தவழ்ந்ததும் அந்தக் கைபேசியில்தான் வந்தன. "உள்ள வந்து கொஞ்சம் உட்காரேன்" என்று அவர் கூப்பிட்டால், "இதோ ஒரு நிமிஷம்" என்பாள்.

ஆறாம் வருடம், கைபேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த பேத்தி, மனைவிக்குப் பின்னால் தண்ணீர் குடிக்க வந்தவரைப் பார்த்து, "அது யாரு, உங்க அப்பாவா?" என்று கேட்டது. அவர் சிரித்தார். அவளால் முடியவில்லை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். கல்யாணத்தின்போது மூன்று வயது மூத்தவர், இப்போது பதினைந்து வயது மூத்தவர். இப்படியே போனால் தான் பாதி வழியில் தனியாக நிற்கவேண்டியதுதான் என்று புரிந்ததும் பயம் வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லாம இவ்வளவு தூரம் போயிட்டீங்களே!"

"தினமும் கூப்பிட்டேனே."

கைபேசியை அவர் கையில் திணித்தாள். "நீங்க வெளியில இருங்க. நான் உள்ள போறேன். வந்து சேர்ற வரைக்கும் காத்திருங்க."

வேலையை விட்டுவிட்டு உள்ளே போனாள். முதல் வாரம் அவள் கட்டைவிரல் மடியில் சும்மா நகர்ந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. தலை நரைத்தது, கடைவாய்ப் பல் இரண்டு போயின. பேத்தி பள்ளிக்கூடம் போன முதல் நாளைப் பார்க்காதது மட்டும் கடைசிவரை உறுத்தியது. அவர் கூடத்தில் உட்கார்ந்து பல் கட்டினார், மகளின் அழைப்புகளை எடுத்தார், மற்றவர்களின் அழைப்புகளையும் எடுக்க ஆரம்பித்தார். இன்னும் ஆறு வருடம் ஓடியது. வயது வித்தியாசம் பழையபடி மூன்றுக்கு வந்த அன்று, அவள் வாசற்படியில் நின்று அவரை உள்ளே கூப்பிட்டாள்.

அவர் தலை நிமிரவில்லை. "இதோ ஒரு நிமிஷம்" என்றார்.

அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வாய்விட்டுச் சிரித்தாள். கிண்ணத்தில் பிளாஸ்டரைக் கரைத்து அவர் முன்னால் வைத்தாள். "இறுக எட்டு நிமிஷம் ஆகும். பொண்ணுகிட்ட சொல்லிட்டுப் போடுங்க." அவர் ஏழு நிமிடம் பேசிவிட்டுக் கைபேசியை உள்ளே அமுக்கினார். கதவுக்கு இப்போது இரண்டு முட்டு இருந்தது.

அழைப்பை எடுக்க ஆளில்லாமல் போனதில் மகளுக்குக் கோபம் ஆறவில்லை. அடுத்த விடுமுறையில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு, சண்டை போடவே ஏழு நாளைக்குக் கிளம்பி வந்தாள். கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனவள், முதல் மூன்று நாள் தூங்கினாள். பிறகு சண்டை போட்டாள், அது ஒரு நாளில் தீர்ந்துபோனது. மீதி நாளெல்லாம் நான்கு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசினார்கள். வந்த அன்று பேத்திக்குக் கோரைப்பல் விழுந்திருந்தது. கிளம்பும்போது அந்த இடத்தில் புதுப்பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. அவர் அவள் வாயை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, நல்ல நிறம் என்றார்.

படியிறங்கும்போது, போன ஞாயிற்றுக்கிழமை இவர்கள் பெட்டியை மேலே தூக்கிவந்து கொடுத்த எதிர்வீட்டுக்காரர், பழம் எடுக்க வந்துகொண்டிருந்தார். "அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"மூணு வாரம் ஆச்சே" என்றாள் மகள்.

"ஆமாமா, ஆச்சு" என்று அவர் ஒதுங்கி வழிவிட்டார்.