முழங்கால் உயரம்

சிறுத்தையைப் படம் பிடிக்கும் கேமராவை முழங்கால் உயரத்தில், சற்றே தரையைப் பார்த்தபடி கட்ட வேண்டும். சூடுள்ள உடம்பு எது குறுக்கே போனாலும் அதுவாகவே படம் எடுத்துக்கொள்ளும். இந்த முள்காட்டில் எனக்கு அதுதான் பிழைப்பு. கை பழகிவிட்டது. பிரசவ விடுப்பு முடிந்து கிளம்பிய அன்று எங்கள் வீட்டு நடையிலும் ஒன்றை அதே மாதிரி கட்டினேன்.

"குழந்தையையா சிறுத்தையையா, யாரைப் பிடிக்கப் போறே?" என்றார் கணவர்.

"ரெண்டும் ஒண்ணுதான். நாலு காலு, சொன்ன பேச்சு கேக்காது. நீங்க கேமராவைத் தொடாம இருந்தா போதும்."

போனில் எடுத்து அனுப்பலாமே என்பீர்கள். நான் தங்கும் காட்டு முகாமில் சிக்னல் கிடையாது. தவிர, போனைக் கண்டால் மகள் பிடுங்க வருவாள். படத்தில் உள்ளங்கைதான் இருக்கும்.

வீட்டுக் கேமராவின் முதல் மெமரி கார்டு மளிகைச் சாமானோடு ஜீப்பில் வந்தது. தவழ்ந்து வந்து நேராக என்னைப் பார்க்கிறாள். எச்சில் வழியும் வாயில் ஒற்றைப் பல். முகாமில் எல்லோருக்கும் காட்டி உயிரை வாங்கினேன். வற்றிய ஓடையில் மிஞ்சிய குட்டைக்கு ஒரு தாய்ச் சிறுத்தை குட்டிகளோடு வரும். அதற்கு விடுப்புப் பிரச்சினை இல்லை என்று அதன்மேல்கூடப் பொறாமைப்பட்டேன். அடுத்த ஜீப்புக்கு வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தேன்.

வந்தது. மடிக்கணினியில் போட்டேன். முதல் படத்தில் இரண்டு கால்கள். அடுத்ததிலும் கால்கள்தான். முட்டியில் சிராய்ப்பு, ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.

"யாரு காலு அக்கா இது?" என்றான் ஜீப் டிரைவர், எட்டிப் பார்த்து.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நடக்க ஆரம்பிச்சுட்டா தம்பி."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் நான் முகத்தைத் தேடினேன். ஒவ்வொன்றாகத் தள்ளினேன். வருகிறாள், போகிறாள், வயிற்றுக்கு மேல் ஒன்றுமில்லை. சிறுத்தை இரண்டு காலில் எழுந்து நடக்காது என்று அளவெடுத்த மகாபுத்திசாலி நான். தொடாதே என்றால் தொடாத மனிதர் என் கணவர்.

கடைசியில் ஒரு படத்தில் முகம் கிடைத்தது. தடுக்கி விழுந்திருக்கிறாள். வாய் கோணி அழுகிறாள். கைகள் இரண்டும் மேலே, படத்துக்கு வெளியே நிற்கும் யாரையோ நோக்கி நீண்டிருக்கின்றன. அடுத்த படத்தில் அவளைத் தூக்கிவிட்டார்கள்.

"ஐயோ பாவம், அடிபட்டுருச்சு போலக்கா."

நான் மிச்சப் படங்களை வேகமாகத் தள்ளினேன், இன்னொரு தடவை விழுந்திருக்க மாட்டாளா என்று.