கழுகு முத்திரையில் ஏறிய மீன்

கழுகு முத்திரை விழாத காகிதம் எகிப்தில் வெறும் குப்பை. ஃபிக்ரிக்கு அது தெரியாதா? இருபத்தாறு வருஷமாக மாகாண அலுவலகத்தில் படம் வரைபவர். மஸ்கட்டில் மகள் ராவியாவுக்குத் தலைப்பிரசவம், இன்னும் பத்தே நாள். அரசு ஊழியர் வெளிநாடு போக அனுமதித் தாள் வேண்டும். அதில் முத்திரை மட்டும் பாக்கி.

அந்த நேரம் பார்த்தா புது ஆளுநருக்கு ஞானம் பிறக்கவேண்டும்? பழைய முத்திரை செல்லாது என்றுவிட்டார். கழுகோடு மாகாணத்தின் பெருமையெல்லாம் தெரியவேண்டுமாம். வரையவேண்டியதும் ஃபிக்ரியேதான்.

விவசாயத்துறை பருத்தி கேட்டது. துறைமுகத்தார் கப்பல் கேட்டார்கள். கலங்கரை விளக்கம், பல்சக்கரம், பேரீச்சை மரம் எல்லாம் வந்து சேர்ந்தன.

"உஸ்தாத், மீனைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க. கழுகு கவ்வின மாதிரி இருக்கு, எங்க துறைக்கே அவமானம்!" என்றார் மீன்வளத்துறைக்காரர்.

"போட்டாச்சு பாஷா!"

காசளவு வட்டத்தில் இத்தனையும் அடங்காது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் இன்னொரு கூட்டம், இன்னொரு வாரம். பேரக்குழந்தை காத்திருக்குமா? எல்லாவற்றையும் நெருக்கி வரைந்து கொடுத்தார்.

எட்டாம் நாள் முத்திரை வந்தது. அதைப் பூட்டிவைத்துக் காக்கும் மேடம் இன்ஷிராஹ், கழுத்துச் சாவியால் இழுப்பறையைத் திறந்து ஓங்கிக் குத்தினாள். தாளில் விழுந்தது ஒரு நீலக் கறை.

"என்ன மேடம், மை கொட்டின மாதிரி இருக்கு?"

"என்னைக் கேட்டா? வரைஞ்சது யாரு? இன்னொண்ணு குத்தினாலும் இதேதான் விழும்."

ஃபிக்ரிக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கறையை பிளேடால் சுரண்டினார். ஊசிமுனைப் பேனாவால் கழுகுக்கு அலகு, கண், இறக்கை எல்லாம் வைத்தார். அடடா, அப்படியோர் அழகு!

விமான நிலையத்தில் அதிகாரி தாளைப் பார்த்தார். மேசையிலிருந்த சுற்றறிக்கையையும் பார்த்தார்.

"கள்ள முத்திரை."

"ஐயோ, என்ன பாஷா சொல்றீங்க?"

"அசல் இதோ இருக்கு, பாருங்க." எல்லா நிலையங்களுக்கும் ஆளுநர் கையெழுத்தோடு வந்திருந்த முத்திரையின் மாதிரிப் பதிவு. அதே நீலக் கறை.

"பாஷா, அதை வரைஞ்சவனே நான்தான்! இதையும் நான்தான் வரைஞ்சேன்!"

"அதையும் எழுதிக்கிறேன்."

விமானம் கிளம்பிவிட்டது. சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. ராவியாவின் கணவன். "மாமா, பொண்ணு பிறந்திருக்கு! ஏறிட்டீங்களா?" ஃபிக்ரிக்குக் கண் நிறைந்தது.

எழுதி முடித்த அறிக்கையின் அடியில் அதிகாரி தன் முத்திரையைக் குத்தினார். அதில் கழுகின் ஒவ்வோர் இறகும் தெளிவாகத் தெரிந்தது.