முந்திக்கொண்ட பதில்

"சார், இந்தப் பெட்டிங்களுக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்களே, அப்ப காலையில எழுந்ததும் அதுங்க யாருன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டவள் சினலேய், நான்காம் வகுப்பு. கணினி அறை திறந்த முதல் வாரத்தில் கேட்டது. எதுவாலே என்ற வாத்தியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எழுந்ததும் 'நான் யாரு, என் விலாசம் என்ன'ன்னு சத்தம் போட்டுக் கேக்கும். மூலையில இருக்கே பெரிய பெட்டி, அது பதில் சொல்லும். அப்புறம் வேண்டியதையெல்லாம் அதுவே அனுப்பிவைக்கும்."

"வேற யாராவது முந்திக்கிட்டுப் பதில் சொல்லிட்டா?"

"வேற யாரு இருக்கா இங்க? உக்காரு."

சவாயி தீவின் வடகரையில், திருச்சபை நடத்தும் சின்னப் பள்ளி அது. ஆக்லாந்தில் ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட இருபது கணினிகள், தகவல் சேமிக்கும் வட்டு இல்லாமல் வெறும் கூடாகக் கப்பலில் வந்து இறங்கின. எதுவாலே ஒரே ஒரு நல்ல கணினியில் லினக்ஸை நிறுவி, அதைச் சர்வராக்கி, இருபதையும் அதிலிருந்தே உயிர்பெற வைத்தார். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை.

பிறகு செவ்வாய்க்கிழமைகளிலும் வியாழக்கிழமைகளிலும் கெட்டுப்போகத் தொடங்கியது.

எல்லாம் அல்ல. இருபதில் எட்டோ ஒன்பதோ. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஓடும், நிற்கும், அதோடு சரி. எவை எழும், எவை எழாது என்பது நாளுக்கு நாள் மாறியது. திங்கள், புதன், வெள்ளியில் இருபதும் ஆட்டுக்குட்டிகள்போல் எழுந்து நின்றன. எதுவாலே சர்வரைத் துருவினார், வயர்களை மாற்றினார், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் இயந்திரத்தை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

செவ்வாயும் வியாழனும் அந்த அறையைக் கூட்டுபவள் லோசா.

லோசா ஐம்பதை நெருங்குகிறவள், கணவனை இழந்தவள். பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் வேலை, அதோடு சேர்த்துக் கொடுத்த பின்கட்டு வீடு, இரண்டும்தான் அவளுக்கு ஆதாரம். கணினிகள் வருமுன் அந்த அறையில்தான் பாய் முடையத் தாழை ஓலை உலர்த்துவாள். "இந்தப் பெட்டிங்க வந்துச்சு, என் ஓலை நனைஞ்சு போச்சு" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னவள். எதுவாலேக்கு இப்போது அது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தது.

ஒரு திங்கள் மாலை ஒவ்வொரு வயரும் செருகியிருக்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவைத்தார். யாராவது உருவிச் செருகினால் கோடு விலகும். மறுநாள் காலை லோசா துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

"என்ன வாத்தியாரே, ஒயருக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கீங்க? பெட்டிங்களுக்குக் கல்யாணமா?"

"சும்மாதான் லோசாக்கா."

"சொல்லுங்க, பாய் முடைஞ்சு தரேன். பொண்ணு மாப்பிள்ளைக்கு நல்ல பாய் வேணாமா?"

சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பும் அவருக்கு ஒரு சாட்சியாகத் தெரிந்தது. உள்ளே இரண்டு கோடுகள் விலகியிருந்தன. கூட்டும்போது துடைப்பம் பட்டாலும் விலகும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அன்றைக்கே தலைமையாசிரியர் லெமாலுவிடம் கடிதம் கொடுத்தார். நாள், கிழமை, எத்தனை கணினி எழவில்லை, அன்று காலை அறைக்குள் போனது யார், எல்லாம் வரிசையாக.

லெமாலு இரண்டு முறை படித்தார். "மாசக் கடைசி வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. இது உண்மைன்னா அவ வேலை போகும், வீடும் போகும். நல்லா யோசிச்சியா?"

"கிழமை பொய் சொல்லாது ஐயா."

கமிட்டி கூடும்வரை லோசாவைக் கணினி அறைப் பக்கம் விட வேண்டாம் என்று முடிவாயிற்று. அவளுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். பள்ளிக்குப் பின்னால் சாலைவரை ஓடும் மழைநீர் வாய்க்கால் புல்லும் சேறும் அடைத்துக் கிடந்தது. இரண்டு ஆண்கள் செய்கிற வேலை. அவள் காரணம் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆனால் ஊருக்குள் சேதி போய்விட்டது. கடையில் அவள் வந்தால் பேச்சு நின்றது.

அடுத்த செவ்வாய் ஒன்பது கணினிகள் எழவில்லை.

நியாயமாக அங்கேயே எதுவாலேயின் சந்தேகம் செத்திருக்க வேண்டும். ஆனால் ஒருவரைக் கெட்டவர் என்று தீர்மானித்த மனம் சான்றைக் கண்டு திருந்துவதில்லை. புதிய சான்று தேடிக்கொள்கிறது. இன்னொரு சாவி வைத்திருக்கிறாள் என்று நினைத்தார். பூட்டை மாற்றினார். வியாழனும் அப்படியே. அதற்கடுத்த செவ்வாயும்.

கமிட்டி கூடுவதற்கு முந்தைய நாள், வியாழன். அவர் விடியும்போதே வந்து அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதிரே வாய்க்காலில் லோசா குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட அவள் அவர் கண்ணைவிட்டு விலகவில்லை. எட்டேகாலுக்கு உள்ளே போய்க் கணினிகளை முடுக்கினார்.

எட்டு எழவில்லை.

வெளியே மண்வெட்டிச் சத்தம் நிற்காமல் கேட்டது. எதுவாலே எழாத கணினி ஒன்றின் முன்னால் மண்டியிட்டு, முதல் தடவையாக, அந்தக் கறுப்புத் திரையில் ஓடியதை எழுத்தெழுத்தாகப் படித்தார். அதற்குக் கிடைத்திருந்த விலாசம் அவருடைய சர்வர் கொடுக்கும் விலாசமே அல்ல. எண்களே வேறு. யாரோ முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோவிடம் அனுப்பிவைக்க ஒன்றும் இல்லாததால் கணினி பாதியில் நின்றுவிட்டது.

எல்லா வயர்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியிலிருந்து ஒவ்வொரு வயராகப் பிடுங்கி, ஒரு கணினியை எழுப்பிப் பார்த்து, திரும்பச் செருகினார். பதினேழாவது வயரைப் பிடுங்கியதும் எழுந்தது. அடுத்த கணினியும் எழுந்தது. எல்லாம் எழுந்தன.

பதினேழாவது வயர் சன்னல் வழியாக வெளியே போய், ஈரப்பலா மரத்தைத் தாண்டி, போதகர் வீட்டுக்குப் போயிற்று. அதை இழுத்தவர் எதுவாலேதான்.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. போதகரம்மாவின் மகள் பிரிஸ்பேனில் நர்ஸ். முகம் பார்த்துப் பேசலாம் என்று அம்மாவுக்கு ஒரு வைஃபை பெட்டி அனுப்பியிருந்தாள். பள்ளி இணையத்தோடு அதைச் சேர்த்துத் தரச் சொல்லி போதகரம்மா கேட்க, எதுவாலே வயரை இழுத்து முடிக்கையில் மாலை ஜெபத்துக்கு மணியாகத் தொங்கும் காலி கேஸ் சிலிண்டரை அடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. அடித்துவிட்டால் தெருவில் ஒரு ஆள் நடக்கக் கூடாது. இளவட்டங்கள் லாவாலாவா என்ற இடுப்புத்துணி கட்டி முனையில் காவல் நிற்பார்கள். வாத்தியாரே மாட்டினால் ஊர் சிரிக்கும். கைக்கு வந்த துளையில் வயரைச் செருகினார், விளக்கு எரிந்தது, ஓடினார்.

இப்போது போய்ப் பார்த்தார். மஞ்சள் துளைகள் நான்கு, தள்ளி ஒரு நீலத் துளை. வயர் இருந்தது மஞ்சளில். நீலத்தில் இருந்தால் அந்தப் பெட்டி தன் வீட்டுக்கு மட்டும் விலாசம் கொடுக்கும். மஞ்சளில் இருந்ததால் பள்ளிக்கும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"வா தம்பி, கோகோ குடி" என்றாள் போதகரம்மா. "நல்லவேளை வந்தே. ஒரு நாளு மகளோட முகம் வருது, ஒரு நாளு வரமாட்டேங்குது. அந்த ஊர்ல மழையோ என்னவோ."

"இத எப்பம்மா போடுவீங்க?"

"செவ்வாயும் வியாழனும் காலையில. அவளுக்கு ராத்திரி டூட்டியில ஓய்வு கிடைக்கிற நேரம். பேசி முடிச்சதும் அணைச்சுடுவேன். காசு கட்டித்தானே மீட்டர்ல கரண்டு ஏத்துறோம், சும்மா எரியலாமா?"

எதுவாலே வயரை நீலத் துளையில் மாற்றினார்.

"என்னப்பா, பெட்டி கெட்டுப்போச்சா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கும்மா. கெட்டது நான்."

நேரே லெமாலுவிடம் போய்ச் சொன்னார். லெமாலு நெற்றியைத் தேய்த்தார். "பழுது சரியாயிடுச்சு, கடுதாசிய வாபஸ் வாங்கிக்கிறேன்னு மட்டும் கமிட்டியில சொல்லு. போதகர் வீட்ட இழுக்காத."

"அந்த வீட்ட ஏன்யா இழுக்கணும்? வயரத் தப்பா செருகினது நான். லோசாக்கா மேல பழி போட்டதும் நான். என் பேரச் சொன்னாப் போதும்."

வெள்ளிக்கிழமை அப்படியே சொன்னார், எழுந்து நின்று, தலையைக் குனிந்து. கமிட்டிக் கிழவர் ஒருவர் "துளை தெரியாத வாத்தியாரு" என்று முணுமுணுக்க, மற்றவர்கள் சிரித்தார்கள். லோசாவின் வேலைக்கும் வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கூட்டம் முடிந்து எதுவாலே பின்கட்டுக்குப் போனபோது லோசா வாசலில் ஓலை சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"லோசாக்கா..."

"என்ன, வெறுங்கையோட வரீங்க? நம்ம வழக்கப்படி மன்னிப்புக் கேக்கத் தலைக்கு மேல பாயப் போத்திக்கிட்டு வந்து முட்டி போடுவீங்கன்னு பாத்தேன்." சொல்லிவிட்டு அடுத்த ஓலையை எடுத்துச் சுருட்டினாள். "கடைக்காரி ரெண்டு வாரமா என்கிட்ட உப்புக்கூடக் கையில தரல, மேசையில வச்சா. அது மட்டுந்தான் கஷ்டமா இருந்துச்சு. போங்க வாத்தியாரே, போய்ச் சாப்பிடுங்க."

எதுவாலே போகிற வழியில் கடைக்குள் நுழைந்து, நின்றிருந்த எல்லோர் காதிலும் விழும்படி நடந்ததைச் சொன்னார். ஆனாலும் மனம் ஆறவில்லை. வேலி ஓரம் வாய்க்கால் பாதி வெட்டியும் பாதி அடைத்தும் கிடந்தது. லோசாவிடம் கொடுத்த அந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை அவள் மறுபடியும் இறங்கியாக வேண்டும்.

சனிக்கிழமை விடியலில் ஊர் முழுக்க மேட்டிலிருக்கும் சேப்பங்கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட்டது. லோசாவும் கூடையோடு போனாள். எதுவாலே பள்ளிக் கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்து வாய்க்காலில் இறங்கினார். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்தது. சாலைவரை வெட்டி முடித்தார். லோசா வெட்டிய பக்கத்தில் கரை ஓரமெல்லாம் மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமன் செய்திருப்பதைக் கவனித்தார். திரும்பி வந்து தன் பக்கத்தையும் அதேபோல் தட்டினார். பிறகு மண்வெட்டியைக் கழுவி எடுத்த இடத்தில் சாய்த்துவைத்துவிட்டு, தோட்டத்திலிருந்து ஊர் திரும்பும் சாலைப் பக்கம் போகாமல், கடற்கரை ஓரமாக வீட்டுக்கு நடந்தார்.